வேண்டாததை அடிக்கவும்

லாரிப் பட்டறையில் அவருக்குப் பட்டைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. லாரிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்குமே, மொத்த பாரத்தையும் தாங்குகிறவை, அவற்றைக் கழற்றி உடைந்ததை மாற்றுவதும் வளைவு போனதைச் சம்மட்டியால் அடித்து மறுபடி வளைப்பதும் அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. ஆள் வாசல் நிலைக்குக் குனிந்துதான் வருவார். புதிதாக வருகிற ஓட்டுநர்கள் அவர் தோளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இரண்டு நாள் பழகியதும் அதே ஆட்கள் அவர் தலையில் மிளகாய் அரைப்பார்கள்.

காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அடிப்பதுதான் தொழில். வீட்டுக்கு வந்தால் கொசுவைக்கூட அடிக்க மாட்டார், ஊதித் துரத்துவார்.

வீட்டில் அடிக்கிற வேலையை அவர் மனைவி பார்த்துக்கொண்டார்.

அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை. பத்து மணி நேரம் நின்றுகொண்டே மடிக்க வேண்டும். விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். அந்தக் காலோடு வந்து மகளின் நோட்டைத்தான் முதலில் கேட்பார். ஒரே மகள், பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பிறந்தபோது தன் சுண்டு விரல் நீளம்தான் இருந்தாள் என்று பட்டைக்காரர் பட்டறையில் அடித்துவிட்ட கதையில் அவளுக்குச் சுண்டு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கணக்கில் மார்க் குறைந்தால் அடி. கூடினால், போன தடவை ஏன் குறைந்தது என்று அடி. கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை என்றால் அடி, ஓடி வந்தால் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாய் என்று அடி. சட்டை மாட்டுகிற பிளாஸ்டிக் ஹேங்கர்தான் உள் அறையில் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கும். அடித்து ஓய்ந்த பிறகு அந்தம்மாவே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து மகளைக் குப்புறப் படுக்க வைத்துத் தடவுவார். தடவும்போது அவரே அழுவார். ஊரில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. யாரும் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த நேரத்தில் பட்டைக்காரர் என்ன செய்வார்? கையில் கிரீஸ் போகவில்லை என்று பின்பக்கக் குழாய்க்குப் போய்விடுவார். கை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருக்கும். சோப்புதான் தேய்ந்தது.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கிறார். மகள் மூன்றாவது படித்தபோது, "விடும்மா, சின்னப் பிள்ளை" என்றார்.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். "நீங்க நல்லவரா இருங்க. அதனாலதான் நான் கெட்டவளா இருக்க வேண்டியிருக்கு" என்றார். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு அடி கூட விழுந்தது. தான் பேசினால் அடி கூடும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். நல்ல வசதியான முடிவு. அதற்கப்புறம் குழாயடிதான்.

காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் மகளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போவார். கால் மணி நேர நடை. சுண்டு வீட்டில் பேசாததையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் பேசிவிடுவாள். அந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை அவள் சொன்னாள்:

"அப்பா, சமூகம் டீச்சர் புதுப் பாடம் ஆரம்பிச்சிருக்காங்க. 'வீடும் நாமும்'னு பேரு."

"என்ன இருக்கு அதுல? கூட்டிப் பெருக்கறதா?"

"இல்லப்பா. போர்டுல பெருசா எழுதினாங்க. 'வீட்டில் யார் யாரை அடிக்கிறார்கள், ஏன்?' மொதல்ல எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் யாரும் சிரிக்கல."

பட்டைக்காரர் நடையைக் குறைத்தார்.

"அடிக்கறது தப்பாம். பெரியவங்க அடிச்சாலும் தப்புதானாம். மொத்தம் ஆறு வகுப்பு. ஆறாவது வகுப்பு முடிஞ்சதும் யாருக்கு என்ன சொல்லணுமோ டீச்சர் ரூமுக்குத் தனியா போய்ச் சொல்லலாமாம். போலீசு அது இதுன்னு ஒண்ணும் இல்ல. டீச்சரும் இன்னொரு மேடமும் வீட்டுக்கு வந்து அம்மா அப்பாகூட உக்காந்து பேசுவாங்களாம்." வழியில் கிடந்த கல்லைக் காலால் தள்ளினாள். "சொல்லட்டுமாப்பா?"

பத்தடி நடந்தார். இன்னும் பத்தடி நடந்தார்.

"சொல்லு."

"நிஜமாவா? அம்மா கேட்டா?"

"நான் இருக்கேன்ல" என்றார்.

அன்றைக்குப் பட்டறையில் அவர் இரண்டு ஆள் வேலை செய்தார். கூட வேலை செய்கிற கிரீஸ் என்கிற ஆள், எந்நேரமும் கிரீஸ் டப்பாவும் கையுமாக இருப்பதால் அந்தப் பெயர், "என்ன பட்டை, வீட்ல ஏதும் விசேஷமா?" என்றுகூடக் கேட்டான். விசேஷம்தான். படித்த ஒரு பொம்பளை கைப்பையோடு வந்து, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தான் இத்தனை வருஷமாகச் சொல்ல முடியாததை நல்ல வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகப் போகிறாள். தான் பக்கத்தில் நின்று தலையாட்டினால் போதும். அவருடைய நம்பிக்கை மொத்தமும் அவ்வளவுதான்.

மூன்று வகுப்பு நடந்தது. மூன்றாவது முடிந்த அன்று கண்ணாடிக் கடைக்காரரின் மகன் அவன் அப்பாவிடம் போய் ஏதோ சொல்லிவைக்க, தெருவெல்லாம் பற்றிக்கொண்டது. சனிக்கிழமை காலையில் பெற்றோர் கூட்டம் என்று சீட்டு வந்தது.

கூட்டம் ஏழாம் வகுப்பு அறையிலேயே நடந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் உட்கார, முழங்கால் எல்லாருக்கும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் மேசைக்குப் பின்னால் இருந்தார். சமூகம் டீச்சர் கரும்பலகையை ஒட்டிச் சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "சார், எம் பையன் அன்னைக்கு எங்கிட்ட சொல்றான், 'அப்பா, நீங்க கைய ஓங்கினா அது பாடம் மூணு'ங்கறான். நான் என்ன பாடப் புத்தகமா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் இரண்டாவது பெஞ்சில் இருந்த நர்ஸம்மா ஒருவர்தான். "அவன் அப்படிச் சொன்னதும் நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"என்ன பண்ணுவேன்? ரெண்டு வெச்சேன்."

"அப்ப பாடம் மூணு தேவைதான்."

"ஏம்மா, உங்க புள்ளைய நீங்க கொஞ்சிக்கங்க. எங்க புள்ளைய எங்ககிட்ட விடுங்க. அதான் கேக்கறோம்."

"கொஞ்சறதப் பத்தி யாரு பேசினா? ராத்திரி டூட்டியில வாய் கிழிஞ்சு, கை ஒடிஞ்சு வர்ற புள்ளைங்களுக்குக் கட்டுப் போடறவ நான். மாடிப்படியில விழுந்துட்டான்னு சொல்லித்தான் எல்லாரும் கூட்டிட்டு வர்றாங்க. பாதிப் பேர் வீட்ல மாடியே கிடையாது."

பின்னாலிருந்து ஒரு வேன் ஓட்டுநர் எழுந்தார். "நான் வாங்காத அடியா? இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

"அத நீங்களே சொல்லிக்கக் கூடாதுண்ணே" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பட்டைக்காரரின் மனைவி எழுந்து நின்றார். வேலைக்குப் போகும் உடுப்போடு வந்திருந்தார், அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட்.

"டீச்சர், நீங்க கேள்வி கேப்பீங்க, மணி அடிச்சா போயிடுவீங்க. மிச்ச நேரம் பூரா பெத்தவதான் பாக்கணும். நான் அடி வாங்கி வளந்தவ. எங்கக்காவ யாரும் அடிக்கல, செல்லம். அவ இன்னைக்கு நாலு வீட்ல தரை துடைக்கிறா. நான் துணி மடிக்கிறேன். எம் பொண்ணு அதுக்கும் மேல போகணும். போற வழியில நான் கெட்டவளா ஆனா ஆயிட்டுப் போறேன். அத ஏன் போர்டுல எழுதிப் போடறீங்க?"

பாதி அறை கைதட்டியது. கைதட்டாதவர்களும் கீழே குனிந்துகொண்டார்கள். அந்தம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் சங்கடம்.

"உங்கள யாரும் கெட்டவங்கன்னு சொல்லலம்மா" என்றாள் டீச்சர்.

"நீங்க சொல்லல. எம் பொண்ணு சோறு திங்கும்போது என்னை அப்படிப் பாக்குது."

கூச்சல் அரை மணி நேரம் போனது. ஒருவர் பேச நால்வர் பேசினார்கள். ஒரு கட்டத்தில் கண்ணாடிக் கடைக்காரர் திரும்பி, "பட்டைக்காரரே, நீங்க வாயத் தொறங்க. அடிக்கறதப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்?" என்றார்.

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. எழுந்தார். முழங்கால் முன்னாலிருந்த சின்ன மேசைக்கு அடியில் மாட்டியிருந்ததால் மேசையும் கூடவே எழுந்தது. சிரித்தார்கள். மேசையை இறக்கி வைத்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைக்குள் ஒரு வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. பாடம் நடக்கட்டும் சார், எங்க வீட்டுக்கு வேணும். அவ்வளவுதான், ஆறு சொல்.

"எழுதிக் குடுக்கறதா இருந்தா... எழுதிக் குடுத்துடலாம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல யோசனை. ரொம்ப நல்ல யோசனை. எல்லாருக்கும் ஒரு படிவம் தர்றோம். பிள்ளைக்கு ஒண்ணு. பெரும்பான்மை எதுவோ அது" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

படிவம் திங்கட்கிழமை வந்தது. பழைய இயந்திரத்தில் நகலெடுத்தது. பாதி எழுத்து கறுத்தும் மீதி வெளுத்தும் இருந்தது. "'வீடும் நாமும்' என்னும் பாடம் என் பிள்ளைக்கு நடத்தப்படுவதற்கு நான் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை." அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்து.

"சம்மதிக்கலன்னு போட்டுக் குடுத்துடுங்க. எனக்கு இந்த வாரம் பூரா ரெண்டு ஷிப்ட்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டார். கட்டிய நாளிலிருந்து அவர் சொன்னதைப் பட்டைக்காரர் மாற்றிச் செய்ததில்லை. இந்தத் தடவை செய்வது என்று முடிவு கட்டிக்கொண்டு காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் டீசல் பீப்பாய் ஒன்றின் மேல் காகிதத்தை விரித்து, கிரீஸிடம் பேனா கேட்டார்.

"என்ன பட்டை, உயில் எழுதறியா?"

"பள்ளிக்கூடத்துக் காயிதம்."

"குடு, படிச்சுச் சொல்றேன்." கிரீஸ் பத்து வரை படித்தவன்.

"எனக்குப் படிக்கத் தெரியும். போய் உன் டப்பாவப் பாரு."

அந்த இடத்தில் காகிதத்தை நீட்டியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. ஆனால் நீட்டினால் கிரீஸ் படிப்பான், படித்தால் பட்டறைக்கே தெரியும், பட்டறைக்குத் தெரிந்தால் வீட்டுக்குத் தெரியும். அவர் ஐந்தாவதோடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவசரம் என்றால் பாதி படித்து மீதியை ஊகிப்பார். 'சம்மதிக்கிறேன்' தெரிந்தது. 'சம்மதிக்கவில்லை' தெரிந்தது. பொடி வரியில் 'வேண்...' என்று தொடங்கி நடுவில் மை அப்பியிருந்தது, கடைசியில் 'அடிக்கவும்' என்று இருந்தது. வேண்டியதை அடிக்கவும். வேறு என்ன இருக்கப் போகிறது? டிக் அடிக்கச் சொல்கிறார்கள்.

அவருக்கு டிக் என்றால் பட்டறை டிக்தான். கழற்றிப் போட்ட பட்டைகளை ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். மணி மாதிரி ஒலித்தால் நல்ல பட்டை, அதன் மேல் குறுக்கே சாக்பீஸால் நீளமாக ஒரு இழுப்பு. விரிசல் விட்ட பட்டைக்கு வட்டம். இருபத்தாறு வருஷமாக நல்லதற்கு இழுப்பு, கெட்டதற்கு வட்டம். பேனாவை அழுத்திப் பிடித்து, 'சம்மதிக்கிறேன்' என்ற சொல்லின் மேல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, நல்ல கனமாக ஒரே இழுப்பு இழுத்தார். கையெழுத்துப் போட்டார். நான்காக மடித்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் மகள் கையில் கொடுத்தார். "டீச்சர்கிட்ட குடு. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."

சுண்டு சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அவர் விசிலடித்துக்கொண்டே பட்டறைக்குப் போனார்.

சாயங்காலம் அவள் பேசவில்லை. மறுநாள் காலை நடையிலும் பேசவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தலையை நகர்த்திக்கொண்டாள். பிள்ளைகளுக்குள் ஏதாவது சண்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தம்மா என்றைக்கும் இல்லாத திருநாளாக அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"பாடத்த நிறுத்திட்டாங்களாம்ங்க. நம்ம பக்கம் இருவத்தஞ்சு பேரு."

"நிறுத்திட்டாங்களா?"

"நீங்க கடைசி நேரத்துல ஏதாவது குளறுபடி பண்ணிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். புள்ள மேல அவ்ளோ பாசம் ஆச்சே உங்களுக்கு. ஹெச்.எம். பள்ளிக்கூட வாசல்ல பாத்து, உள்ள கூப்பிட்டுக் காயிதத்தயே காட்டினாரு. நல்லா அழுத்தி அடிச்சிருக்கீங்க!" நூலைப் பல்லால் கடித்தார். "நம்ம ரெண்டு பேரும் ஒரே மாதிரி நிக்கறோம்னு இன்னைக்குத்தான் எனக்குத் தோணுச்சு."

அவர் மனைவி அவரிடம் இவ்வளவு இதமாகப் பேசி வருஷக்கணக்காகியிருக்கும். பட்டைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"சார், நான் சம்மதம்னுதான் போட்டேன்."

தலைமையாசிரியர் அலமாரியிலிருந்து படிவக் கட்டை எடுத்துப் பிரித்து அவருடைய காகிதத்தை மேசைமேல் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே? சம்மதிக்கிறேன்கறத அடிச்சிருக்கீங்க."

"ஆமா சார், டிக் அடிச்சிருக்கேன்."

"இது டிக் இல்ல. கோடு."

"எங்க பட்டறையில இதான் சார் டிக்கு."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். பொடி வரியின் மேல் விரலை வைத்தார். "என்ன போட்டிருக்கு, படிங்க."

பட்டைக்காரர் குனிந்தார். இப்போது வெளிச்சத்தில், விரல் நகரும் வேகத்தில், ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "வேண்... டா... ததை..."

"அடிக்கவும்" என்று தலைமையாசிரியர் முடித்தார். பிறகு தலைமையாசிரியர் குரலை இறக்கினார். "நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல. இந்தக் கட்டுல நாப்பத்திமூணு காயிதம். சில பேரு டிக் போட்டிருக்காங்க. சில பேரு கோடு. ஒருத்தர் ரெண்டையும் அடிச்சிருக்கார். கண்ணாடிக் கடைக்காரர் என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? 'சம்மதிக்கவில்லை'ய அடிச்சிருக்கார். அதப் பாத்தா அவர் சம்மதிக்கறார்னு அர்த்தம்! வார்த்தை மேல கோடு விழுந்தா அடிச்சதுன்னு எடுத்துக்கிட்டேன். வேற என்ன பண்றது?"

"அப்ப மறுபடி கேட்டுடலாமே சார்."

"மறுபடி ஒரு கூட்டமா? இந்தப் பள்ளிக்கூடத்துல ஜன்னல் மிஞ்சணும்யா. மேலிடத்துக்கு எழுதி அனுப்பியாச்சு. நிறுத்தியாச்சு. பாடத்துல இப்ப மலைகளும் ஆறுகளும் நடக்குது." காகிதத்தை மறுபடி கட்டுக்குள் செருகினார். "இந்த யோசனையே உங்களோடதுதானே?"

வெளியே வராந்தாவில் சமூகம் டீச்சர் எதிரே வந்தாள். உலக உருண்டை ஒன்றை இடுப்பில் அணைத்திருந்தாள். இவர் நின்றார். அவளும் நின்றாள், ஆனால் அறைக் கதவைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்க பொண்ணு போன வியாழக்கிழமை என் ரூம் வாசல்ல வந்து நின்னா. உள்ள வரலாமான்னு கேட்டா. வகுப்புக்குப் போம்மான்னு சொல்லிட்டேன்."

"ஏன் டீச்சர்?"

"பிள்ளைங்ககிட்ட தனியா வீட்டு விஷயம் பேச மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. எனக்கும் வீடு இருக்குங்க." போய்விட்டாள். அவள் மேல் கோபப்படவும் அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலை நடையில் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். மை அப்பியிருந்த எழுத்து, பீப்பாய், பட்டறை டிக், வட்டம், தலைமையாசிரியரின் விரல் எல்லாம். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசியதில்லை. சொல்லி முடிக்கும்போது பள்ளிக்கூட மதில் வந்துவிட்டது.

"தெரியும்பா" என்றாள் சுண்டு.

"என்ன தெரியும்?"

"நீங்க தப்பா அடிச்சிருப்பீங்கன்னு. குடுத்த அன்னைக்கே பிரிச்சுப் பாத்தேன். மொதல்ல நம்பவே முடியல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் தோணுச்சு. நீங்க சாக்பீஸால இழுப்பீங்கல்ல, அதே மாதிரி இருந்துச்சு."

"தோணுச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு! ஓடிப் போய் மாத்தியிருப்பேனே!"

அவள் புத்தகப்பையை மறு தோளுக்கு மாற்றினாள். கோபமோ அழுகையோ முகத்தில் இல்லை. கடையில் சில்லறைப் பொருள் இல்லை என்று சொல்கிற ஆள் மாதிரி சொன்னாள்:

"மாத்தி என்னப்பா ஆகப் போகுது? டீச்சர் வீட்டுக்கு வந்தா, அம்மா உங்களப் பாத்து 'நீங்க சொல்லுங்க'ன்னு கேப்பாங்க. நீங்க கை கழுவப் போயிடுவீங்க." பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாள். "கூட்டத்துல எந்திரிச்சீங்கல்ல. நான் ஜன்னல்லதான் இருந்தேன்."

மணி அடித்தது. உள்ளே போனாள்.

அன்றைக்கு அவர் சம்மட்டி இரண்டு தடவை தடம் மாறி விழுந்தது. கிரீஸ் கேலி பண்ணவில்லை. பட்டைக்காரர் மனசுக்குள் பேசிக்கொண்டே இருந்தார். இந்தா பாரு, இனிமே பிள்ளை மேல கை வெக்கக் கூடாது. அது சரியில்லை, ரொம்ப முரட்டுத்தனம். ஏம்மா, கொஞ்சம் உக்காரு, ஒரு விஷயம். அது இழுவை. உன்னைக் கெட்டவள்னு சொல்லலை. அது டீச்சர் சொன்னது, எடுபடவில்லை. ஐந்து மணிக்குள் இருபது வாக்கியம் சேர்ந்தது. அதில் ஒன்றாவது வாயில் வரும் என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அந்தம்மா ஏற்கனவே வந்திருந்தார். அலமாரி மேல் சுண்டுவின் கணக்குப் பரீட்சைத் தாள் இருந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று. சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது, இரண்டடி தள்ளி நின்றாலே தெரிந்தது. அந்தம்மா தாளைக் கவிழ்த்து வைத்தார். "சாப்பிட்டு வேலையப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். என்ன வேலை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

தரையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சுண்டு ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவும் முடித்துவிட்டார். பட்டைக்காரர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை எதுவும் ஆரம்பிக்காது என்று அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்றார். இருபது வாக்கியத்தில் ஒன்றைத் தேடினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

போட்டார். அதையும் தின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

"என்னங்க இன்னைக்கு இவ்ளோ பசி?" அந்தம்மா சிரித்தார். அவர் மேல் இப்போதெல்லாம் அந்தம்மாவுக்கு ஒரு பிரியம் இருந்தது. பாத்திரத்தை வழித்துப் போட்டார். பட்டைக்காரருக்கு வயிறு கல்லாக இருந்தது, தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினார். மகள் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பார்வையை எடுத்துக்கொண்டாள்.

அந்தம்மா காலிப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார்.

"போதுமா?"

அவர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். வீங்கிய கால் இரண்டையும் பார்த்தார்.

"போதும்" என்றார்.

சுண்டு எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே தானாக உள் அறைக்குப் போனாள்.